குழந்தைக்கு வாய் உண்டா?

பாலக்காடு மாவட்டத்தின் மேற்கே, பட்டாம்பி, திருத்தாலா ஊர்களை ஒட்டிப் பாரதப்புழை அகன்று செல்கிறது. மக்கள் அதை நிளா என்று அழைக்கிறார்கள். அதன் கரையில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வரும் கதை ஒன்று உண்டு: 'பறயி பெற்ற பந்திருகுலம்'. பறையர் குலத்தில் பிறந்த ஒரு தாய் ஈன்ற பன்னிரண்டு குழந்தைகள் பன்னிரண்டு குலங்களாகிய கதை அது. வேதியர், வண்ணார், தச்சர், பாணர், இஸ்லாமியர் என்று தனித்தனியே வாழ்வோர் அனைவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே என்று அது சொல்வதால், கேட்போர் உள்ளம் குளிர்கிறது. ஒற்றுமையைப் பற்றிப் பேசும் மேடைகளில் அக்கதை அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அந்த ஒற்றுமைக்கு விலை கொடுத்தவளைப் பற்றி மேடைகள் அதிகம் பேசுவதில்லை.

கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் நூலாக வெளியிட்ட 'ஐதீகமாலை'யில் இக்கதை விரிவாக இடம்பெற்றுள்ளது. கதையின் நாயகர் வரருசி. பிராகிருத மொழிக்கு இலக்கணம் செய்தவர் என்று ஒரு வரருசி போற்றப்படுகிறார். சந்திரனின் நிலையைக் கணிக்கும் 248 வாக்கியங்களைக் கேரள மரபு ஒரு வரருசிக்கு உரியதாக்குகிறது. அவர்கள் ஒருவரா, பலரா என்பது ஆராய்ச்சியாளர்களின் கவலை. கதைக்கு ஒரே வரருசி போதும்.

விக்கிரமாதித்த மன்னன் தன் அவைப் பண்டிதரான வரருசியிடம், இராமாயணத்தில் தலைசிறந்த சுலோகம் எது என்று கேட்டு, 41 நாட்கள் கெடு விதித்தான். விடை தேடி அலைந்து சோர்ந்த பண்டிதர் ஒரு காட்டு மரத்தடியில் படுத்திருந்தபோது, மரத்தின்மேல் கூடிய வனதேவதைகளின் உரையாடல் அவர் காதில் விழுந்தது. இலக்குவனை வனத்துக்கு அனுப்பும் வேளையில் சுமித்திரை கூறிய சொற்களே அந்தச் சுலோகம். இராமனைத் தந்தையாகவும், சீதையைத் தாயாகவும், காட்டை அயோத்தியாகவும் எண்ணுமாறு அவள் மகனிடம் சொல்கிறாள். ஆக, மாபெரும் பண்டிதரின் மானத்தைக் காத்தது, பெற்ற பிள்ளையைப் பிரியும் ஒரு தாயின் வாக்கு. இதைக் கதை சுட்டிக்காட்டுவதில்லை, சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அதே இரவில் அதே மரத்தடியில் அவர் மற்றொன்றையும் கேட்டார். அருகே ஒரு பறையர் குடிசையில் அப்போது பிறந்த பெண் குழந்தை அவருக்கே மனைவியாவாள் என்று தேவதைகள் பேசிக்கொண்டன. வரருசி அஞ்சினார். அக்குழந்தையால் நாட்டுக்குக் கேடு வரும் என்று மன்னனிடம் கூறினார். வாழைத்தண்டால் தெப்பம் கட்டி, குழந்தையின் தலையில் எரியும் பந்தம் ஒன்றைச் செருகி, ஆற்றில் விட்டார்கள்.

ஆண்டுகள் பல கழிந்தன. ஓர் அந்தணர் இல்லத்துக்கு விருந்தினராகச் சென்ற வரருசி, வேடிக்கையாகச் சில நிபந்தனைகளை விதித்தார். உணவில் 108 கறிகள் வேண்டும். தாம் உண்ணுமுன் நூறு பேருக்கு உணவு படைக்க வேண்டும். உண்டபின் தமக்குத் தின்ன மூவர் வேண்டும். பிறகு தம்மைச் சுமக்க நால்வர் வேண்டும். வீட்டுக்காரர் திகைத்து நின்றார். உள்ளேயிருந்து அவருடைய மகள் ஒப்புக்கொள்ளச் சொன்னாள். இஞ்சிக் கறி ஒன்றே 108 கறிகளுக்கு ஈடு; நூறு பேருக்குப் படைப்பது வைசுவதேவம்; தின்னப்படும் மூவர் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு; சுமக்கும் நால்வர் கட்டிலின் கால்கள். அவளது அறிவில் மயங்கிய வரருசி அவளை மணந்துகொண்டார். ஒருநாள் அவளுடைய தலையில் ஒரு தழும்பைக் கண்டு விசாரித்தபோதுதான், தெப்பத்தில் வந்த வளர்ப்புமகள் அவள் என்பது தெரியவந்தது.

அவர் அவளைத் தள்ளிவிடவில்லை. இதை அவர் பெருமைக்கு உரியதாகவே சொல்ல வேண்டும். விதியை ஏமாற்ற ஒரு சிசுவைக் கொல்லத் துணிந்த தம் பாவம் அவருக்கு விளங்கியது. குலமும் ஊரும் துறந்து, மனைவியுடன் தீர்த்த யாத்திரை புறப்பட்டார். வழியில் அவள் கருவுற்றாள். காட்டிலோ ஆற்றோரத்திலோ பிரசவம் நிகழும். வெளியே நிற்கும் கணவர் கேட்பார்: "குழந்தைக்கு வாய் உண்டா?" அவள் "உண்டு" என்பாள். "வாய் கொடுத்தவன் உணவும் கொடுப்பான். விட்டுவிட்டு வா" என்பார். அவள் விட்டுவிட்டு வருவாள். பதினோரு முறை இவ்வாறு நடந்தது. பன்னிரண்டாம் முறை, இந்த ஒரு பிள்ளையையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில், "வாய் இல்லை" என்றாள். பதிவிரதையின் வாக்குப் பொய்க்கலாகாது அல்லவா? பார்த்தால், குழந்தைக்கு உண்மையிலேயே வாய் இல்லை. வரருசி அக்குழந்தையை ஒரு குன்றின்மேல் பிரதிஷ்டை செய்தார். வாயில்லாக்குன்னிலப்பன் என்ற பெயரில் அத்தெய்வத்தைக் கடம்பழிப்புரத்தில் இன்றும் மக்கள் வழிபடுகிறார்கள்.

வரருசியின் சொல்லில் பிழை காண்பது எளிதன்று. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது நம் பாட்டிமார்களும் சொல்வதுதான். கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவான் அடியார்களின் யோகக்ஷேமத்தைத் தாமே சுமப்பதாக உறுதி அளிக்கிறார். நாளைக்கென்று ஒரு பிடி அரிசியும் சேர்க்காத துறவியரின் வாழ்வு அந்த உறுதியை நம்பியே நடக்கிறது. ஆயின் பகவான் அந்த வாக்கை யாருக்கு அளித்தார்? வேறெதையும் நாடாமல் தம்மையே நினைப்பவருக்கு. நினைப்பதும் நம்புவதும் அவரவர் செய்ய வேண்டியவை. வரருசி தம் சோற்றை இறைவன் பொறுப்பில் விட்டிருந்தால் அது சரணாகதி. அவர் விட்டது குழந்தையின் பாலை. அதையும் தாயின் கைகளைக் கொண்டு விட்டார். தன் நம்பிக்கையின் கடனைப் பிறர் கணக்கில் எழுத ஒருவருக்கு உரிமை உண்டா என்பதே இங்கு எழும் கேள்வி.

வைணவ மரபில் ஆசாரியர் சீடனுக்காகத் தாமே சரணாகதி செய்வதுண்டு என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே ஆசாரியர் சீடனின் பாரத்தைத் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார். தம் பாரத்தைச் சீடன் தலையில் வைப்பதில்லை. அதே மரபினர் இறையருளை விளக்கத் தேர்ந்துகொண்ட உவமையையும் எண்ணிப் பார்க்கலாம். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியையோ தாய் கவ்விச் செல்லும். முயற்சியே இல்லாத உயிரையும் இறைவன் தூக்கிச் செல்வான் என்பதை விளக்க ஒரு தாய்ப் பூனை தேவைப்பட்டது. நிளாக்கரையிலோ, அந்த அருளின் பெயராலேயே, வாயில் கவ்விய குட்டியைக் கீழே வைத்துவிட்டு வரும்படி தாய்க்கு உத்தரவாகிறது.

தமிழ்நாட்டிலும் இக்கதைக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. ஆதி என்பவளும் பகவன் என்பவரும் யாத்திரை செய்கிறார்கள். பிறக்கும் குழந்தைகளைப் பிறந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. உப்பை, உறுவை, ஔவை, வள்ளி, வள்ளுவர், அதியமான், கபிலர் என்று ஏழு பிள்ளைகள். கபிலர் பெயரால் வழங்கும் அகவல் ஒன்று, யார் எவர் வீட்டில் வளர்ந்தனர் என்பதைச் சொல்கிறது. இந்த வடிவத்தில் தாய்க்குப் பெயர் இருக்கிறது. அவள் விட்டுப் பிரிய மனமின்றித் தயங்குகிறாள். உடனே பச்சைக் குழந்தையே வாய் திறந்து, கருப்பையில் காத்தவன் இங்கும் காப்பான் என்று வெண்பாப் பாடித் தாயைத் தேற்றுகிறது. தமிழ்ப் புலவர்களுக்கு அந்தத் தயக்கம் உறுத்தியிருக்கிறது. அதனால்தான் பிறந்த பிள்ளையைப் பேசவைத்தார்கள். மலையாளக் கதையில் குழந்தைக்கு அழ மட்டுமே தெரியும். தாய்க்கும் பெயரில்லை, பிற்காலக் கூற்றுகள் சிலவே அவளைப் பஞ்சமி என்கின்றன.

இருப்பினும் அந்தப் பதினோரு குழந்தைகளும் பிழைத்தார்கள்! வேள்விகள் பல இயற்றிய மேழத்தூர் அக்னிஹோத்ரி, பாக்கனார், உளியன்னூர்ப் பெருந்தச்சன், ராயிரநெல்லூர் மலைமேல் பாறையை உருட்டி ஏற்றி, அது கீழே உருளக் கண்டு கைகொட்டிச் சிரித்த நாராணத்துப் பிராந்தன், ஒரே மகளான காரைக்கல் அம்மை (நம் காரைக்கால் அம்மையார் வேறு) என்று எல்லாரும் புகழுடன் வாழ்ந்தார்கள். அப்படியானால் வரருசி சொன்னது பலித்துவிட்டதே? பலித்தது. எவ்வாறு பலித்தது என்பதையும் பார்க்க வேண்டும். துணி துவைக்க வந்த ஒருத்தி அழுகுரல் கேட்டுக் குனிந்திருப்பாள். தச்சன் வீட்டு அம்மாள் ஒருத்தி முந்தானையில் ஏந்தியிருப்பாள். தன் பிள்ளைக்கு உரிய பாலில் பாதியை ஒருத்தி கொடுத்திருப்பாள். வாய் கொடுத்தவன் உணவு கொடுத்தான். பதினோரு வீடுகளின் பெண்கள் வழியே கொடுத்தான். அதற்கும் முன்பே, பந்தம் எரியும் தெப்பத்தைக் கரைக்கு இழுத்தவர் ஒருவர் இருந்தார். அந்தத் தெப்பத்திலிருந்து, விதியை வெல்ல முடியாது என்ற பாடத்தை வரருசி கற்றார். மிதந்து வரும் குழந்தையை ஒருவர் எடுத்தாக வேண்டும் என்ற பாடமும் அதே தெப்பத்தில்தான் இருந்தது.

நிளா பொன்னானியில் கடலில் கலக்கிறது. அங்கிருந்து தெற்கே, கொடுங்கல்லூரிலும் கொச்சியிலும் யூதர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். கொச்சியின் பரதேசி ஜெபாலயம் 1568-இல் எழுந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அச்சமூகப் பெண்கள் திருமணங்களிலும் பண்டிகைகளிலும் பாடுவதற்கென்று தங்கள் வேதக் கதைகளை மலையாளப் பாடல்களாக்கிக் கையெழுத்துச் சுவடிகளில் காத்துவந்தார்கள். சாத்திரம் ஆண்கள் கையில் இருந்த சமூகத்தில், பாட்டு பெண்கள் கையில் இருந்தது. அவர்களுடைய முன்னோரின் மரபிலும் ஞானியரின் அருகே நின்ற பெண்களைப் பற்றிய கதைகள் இருக்கின்றன.

இரண்டாம் நூற்றாண்டின் பெரும் ஞானியான ரபி அகீவா, முதலில் எழுத்தறியாத ஆடுமேய்ப்பர். எருசலேம் செல்வர் கல்பா சவுவாவின் மகள், அவர் கல்வி கற்கச் செல்வதானால் அவரை மணப்பதாகச் சொன்னாள். தந்தை அவளைச் சொத்தின்றித் துரத்தினார். குளிர்காலத்தில் இருவரும் வைக்கோலில் படுத்தார்கள். காலையில் அகீவா அவளுடைய கூந்தலிலிருந்து வைக்கோலைப் பொறுக்கி எடுப்பார். பிறகு அவர் படிக்கச் சென்று பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, கணவன் இருந்தும் கைம்பெண்ணாய்க் கிடக்கிறாயே என்று ஒருவர் அவளை ஏசுவதும், தன் விருப்பப்படி நடப்பதானால் அவர் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் கற்கட்டும் என்று அவள் சொல்வதும் வெளியே நின்ற அவர் காதில் விழுந்தன. வீட்டுக்குள் நுழையாமலே திரும்பிச் சென்றார். மீண்டும் வந்தபோது அவருடன் 24,000 சீடர்கள். கந்தல் அணிந்து காலில் விழ வந்த பெண்ணைச் சீடர்கள் தள்ளினார்கள். அவளை விடுங்கள், என்னுடையதும் உங்களுடையதும் அவளுடையதே என்று ஞானி அறிவித்தார். இந்தக் கதையைச் சொல்லும் பாபிலோனியத் தால்முதிலும் அவளுக்குப் பெயர் இல்லை. இன்னாருடைய மகள் என்பதோடு சரி. ராகேல் என்ற பெயர் வேறொரு நூலிலிருந்து கிடைக்கிறது.

அகீவாவின் சீடர் ரபி மெயிர். ஓர் ஓய்வுநாளில் அவர் கல்விச்சாலையில் இருந்தபோது அவருடைய இரு மகன்களும் வீட்டில் இறந்துபோனார்கள். மனைவி உடல்களை மூடிவைத்தாள். புனித நாள் முடியும்வரை கணவரிடம் சொல்லவில்லை. பிறகு, ஒருவர் தந்த அடைக்கலப் பொருளை அவர் திரும்பக் கேட்டால் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். கொடுத்தாக வேண்டும் என்று அவர் சட்டம் சொன்ன பின்னரே, அறைக்கு அழைத்துச் சென்று காட்டினாள். இங்கே தத்துவத்தை எடுத்துச் சொல்பவள் தாய். அதைச் சொல்லும் தகுதி அவளுக்கு இருந்தது. இழப்பு அவளுடையதும் கூட.

அகீவாவிடம் ஒரு குறை உண்டு. அவர் உள்ளே சென்று அவளிடம் கேட்டிருக்கலாம். ஒட்டுக்கேட்ட ஒரு வாக்கியம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் போதுமானதா? ஆனால் கடன் யாருடையது என்பதை அவர் ஊரறியச் சொன்னார். வரருசியும் ஒட்டுக்கேட்டவரே, மரத்தடியில் கேட்டார். மனைவியிடம் அவர் கேட்ட கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க முடியும். 1872-இல் தட்சிணேசுவரத்துக்குக் கால்நடையாக வந்து சேர்ந்த ஸ்ரீசாரதாதேவியிடம், தம்மை உலக வாழ்வுக்கு இழுக்க வந்தாயா என்று ஸ்ரீராமகிருஷ்ணர் வினவினார். ஆம் என்று சொல்லவும் அவருக்கு இடமிருந்தது. அதனால்தான், துணை செய்ய வந்தேன் என்ற அவருடைய மறுமொழி ஒரு சங்கல்பமாக ஒலிக்கிறது. வள்ளுவரின் மனைவி வாசுகியோ, உண்ணும் இலையருகே நீரும் ஊசியும் நாள்தோறும் எதற்கு வைக்கச் சொன்னீர்கள் என்பதை மரணப் படுக்கையில்தான் கேட்டதாகக் கதை. சிந்தும் பருக்கையைக் குத்தி எடுக்க என்று விடை வந்தது. ஒருநாளும் பருக்கை சிந்தியதில்லை. போற்றுதலுக்குரிய கற்புக் கதை. ஆயினும் அந்தக் கேள்வி அத்தனை காலம் காத்திருந்ததை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

பன்னிரண்டாம் முறை அவள் சொன்ன பொய்யைப் பாவம் என்று கொள்வதா? மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் கண்ணன் அர்ஜுனனுக்குக் கௌசிகன் கதையைச் சொல்கிறான். உண்மையே பேசுவேன் என்ற விரதம் பூண்ட அந்த முனிவன், ஓடி ஒளிந்தவர்கள் சென்ற வழியைக் கொள்ளையர்க்குக் காட்டிக் கொடுத்தான், அவர்கள் கொல்லப்பட்டனர், உண்மை பேசியவன் நரகம் புகுந்தான். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் கருத்து. பன்னிருவரில் ஒருவரான வள்ளோனை நம் திருவள்ளுவராகவே கொள்வோர் உண்டு. அது உண்மையாயின், தாய் சொன்ன பொய்க்கு நியாயம் சொன்னவர் அவள் விட்டுவந்த பிள்ளைகளில் ஒருவர்! வரலாறாக இதை ஏற்க வேண்டியதில்லை. கதையின் போக்கில் இது நியாயமாக இருக்கிறது. ஆனால் அவளுக்குக் கிடைத்த பலன்? 'உண்டு' என்ற மெய் பதினோரு பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. 'இல்லை' என்ற பொய்யும் மெய்யாகிப் பன்னிரண்டாம் பிள்ளையைக் குன்றேற்றியது. வாயில்லாத அந்தப் பிள்ளையின்மீது தாயின் நிலை அப்படியே படிந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

இத்தகைய பெண்களுக்குப் பிற்காலத்தார் கற்பனையால் குரல் கொடுக்கலாமா? யூத எழுத்தாளர்கள் கொடுத்திருக்கிறார்கள். மில்டன் ஸ்டைன்பர்க் 1939-இல் அகீவா, மெயிர் காலத்தைப் புதினமாக்கினார். மேகி ஆன்டன் 2005 முதல் ராஷியின் மகள்களைப் பற்றியும், பின்னர் தால்முத் ஞானி ரவ் ஹிஸ்தாவின் மகளைப் பற்றியும் எழுதினார். கேரளத்தில் என். மோகனன் வரருசியின் கதையை 'இன்னலத்தே மழ' என்ற நாவலாக்கினார்; 1998-இல் அதற்குக் கேரள சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஞானியரின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று எண்ணும் பக்தர்கள் உண்டு. பிருகதாரண்யக உபநிடதமே யாக்ஞவல்கியரின் வீட்டுக்குள் நம்மை அழைத்துச் செல்கிறதே! சொத்துப் பிரிவினையின்போது மைத்ரேயி கேட்ட கேள்வியால்தான் அங்கே பிரம்ம வித்தை பிறக்கிறது. அதே வீட்டில் காத்யாயனி ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசாதவளைப் பேசவைக்கும் எழுத்தாளர், தம் காலத்தின் கோபத்தை அவள் வாயில் திணிக்காதிருக்க வேண்டும். நிளாக்கரைத் தாய் பதினோரு முறை உண்மையாகவே நம்பியிருக்கலாம். கணவரைவிட அதிகமாகவும் நம்பியிருக்கலாம். அவளே ஆற்றில் விடப்பட்டுப் பிழைத்தவள்.

தமிழகத்தையும் கேரளத்தையும் பிரிக்கும் மலைத்தொடரில் தெற்கே வந்தால், இடுக்கி மாவட்டத்துக் குமுளிக்கு அருகே மங்கலதேவிக் குன்று. சித்திரா பௌர்ணமி அன்று இரு மாநிலத்தவரும் அங்கே கண்ணகியைத் தொழ ஏறுகிறார்கள். யாரை வழிபட வேண்டும் என்று சேரன் செங்குட்டுவன் தன் தேவியைக் கேட்டதாகவும், நம் நாடு அடைந்த பத்தினியையே என்று அவள் சொன்னதாகவும் சிலம்பு கூறுகிறது. ஐப்பசிக்கு இணையான துலாம் மாதத்தின் முதல் நாளில், வடக்கே ராயிரநெல்லூர் மலையில் மக்கள் திரளாக ஏறுகிறார்கள். பிராந்தனுக்குத் தேவி காட்சி தந்த இடம் அது. தாய் விட்டுச்சென்ற பிள்ளைக்கு மலைமேல் ஒரு தாய் தென்பட்டாள். பெற்றவளுக்கென்று ஏறிச் செல்லும் குன்று எதுவும் அக்கதையில் இல்லை.

பன்னிருகுலத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் தந்தையின் சிராத்த நாளில் மேழத்தூரில் மூத்தவர் இல்லத்தில் கூடினர் என்று ஐதீகம் சொல்கிறது. தாழ்ந்த குலத்தார் தம் இல்லத்தில் தங்குவதை அக்னிஹோத்ரியின் மனைவி வெறுத்தார். இரவில் உறங்கிக்கொண்டிருந்த அந்தச் சகோதரர் ஒவ்வொருவரையும் அவர் கணவர் காட்டியபோது, எல்லாரும் பாம்பணைமேல் பள்ளிகொண்ட திருமாலாகவே அந்த அம்மைக்குத் தெரிந்தார்கள். கேரளத்தில் பெரிதும் விரும்பிச் சொல்லப்படும் பகுதி இது. மந்திரங்கள் அனைத்தும் அறிந்தவர் அக்னிஹோத்ரி. தர்ப்பண விதிப்படி தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகியோருக்கு நீர் வார்த்தபின், தாய்க்கும் அவளுடைய பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் வார்க்க வேண்டும். அந்த இடம் வந்தபோது, நிளாவின் நீரைக் கையில் ஏந்தியபடி அவர் என்ன பெயர் சொன்னார் என்பதைக் கதை சொல்லவில்லை.